யூபிஎஸ்ஸுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில்

கரண்ட் போகும்போதுதான் எங்கள் தொழில் ஒன்று இருப்பது ஊருக்கு ஞாபகம் வரும். கரண்ட் வந்ததும் மறந்துபோகும்.

திருவனந்தபுரத்தில் யூபிஎஸ் விற்று, விற்றதைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த வருஷங்களைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டாயிரத்தைத் தாண்டிய புதிது. உங்களில் பலர் அந்தப் பெட்டியை மேஜைக்கு அடியில் வைத்துக் காலால் இடித்துக்கொண்டவர்கள்தான். அது கீக்கீ என்று கத்தும்போது பதறிப்போய் மௌஸைத் தேடியிருப்பீர்கள். ஆகவே அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அதுவரை எங்கள் சிறிய யூபிஎஸ்கள் கத்தத் தெரிந்தவை, பேசத் தெரியாதவை. பாட்டரியில் ஓடும், பாட்டரி தீர்ந்தால் நின்றுவிடும், அவ்வளவுதான். பிறகு யூஎஸ்பி வயர் வைத்த மாடல் வந்தது. வயரின் ஒரு முனை யூபிஎஸ்ஸின் முதுகில், மறுமுனை கம்ப்யூட்டரின் முதுகில். கரண்ட் போய்விட்டது, இன்னும் இத்தனை நிமிஷம் தாங்குவேன் என்று யூபிஎஸ் அதன் வழியாகச் சொல்லும். நேரம் நெருங்கியதும் கம்ப்யூட்டர் கோப்புகளை மூடிவிட்டுத் தானாகவே அணைந்துகொள்ளும். பக்கத்தில் ஆள் வேண்டாம்.

விளம்பரத் தாளில் அப்படித்தான் போட்டிருந்தது. நானும் அதை அப்படியே ஒப்பித்து விற்றேன்.

கரமனை, முன் அறை

கரமனை அக்ரஹாரத்தில் மீனாட்சி தன் வீட்டு முன் அறையில் நான்கு கம்ப்யூட்டர்கள் போட்டிருந்தார். அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டுக் குரலில் பதிந்து வைப்பதை, இங்கே ஹெட்போனில் கேட்டு டைப் அடித்து அனுப்பும் வேலை. பெங்களூரில் ஒரு கம்பெனி நடுவில் இருந்தது. மீனாட்சியோடு அதே தெருவிலிருந்து கோமதி, லீலா என்று இரண்டு பேர். கோமதி சாலைக் கடைத்தெருவில் துணிக்கடை வேலையை விட்டுவிட்டு வந்தவள். மூன்று கம்ப்யூட்டர்களில் இவர்கள் அடிப்பார்கள். நான்காவதில் யாரும் உட்காருவதில்லை. எல்லாக் கோப்புகளும் அதில் இருந்ததால் அதற்குப் பெயர் 'பெரியது'. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அதன் மானிட்டரை அணைத்தே வைத்திருந்தார்கள். நான் விற்ற யூபிஎஸ் நான்கையும் தாங்கியது. அதன் வயர் மட்டும் பெரியதோடு பேசியது. கீக்கீ சத்தம் குரல்பதிவோடு கலந்து தொந்தரவு என்று சொன்னதால், விற்ற அன்றே சத்தத்தை அணைத்துக் கொடுத்துவிட்டேன். வயர்தான் இருக்கிறதே.

கம்பெனியின் நிபந்தனையை மீனாட்சி முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தார். அன்றன்றைய கோப்புகள் சாயங்காலத்துக்குள் முழுசாகப் போய்ச்சேர வேண்டும். இந்த மழைக்காலம் முடிகிறவரை பார்ப்பார்கள். ஒழுங்காக நடந்தால் நிரந்தர வேலை, இல்லாவிட்டால் வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவார்கள். "ஜூவாலஜி படிச்சேன் சார். அது இப்பத்தான் எதுக்காவது ஆறது" என்றார்.

ஐப்பசி பிறந்த வாரமே அவரிடமிருந்து போன் வந்தது. முந்தின நாள் சாயங்காலம் நான்கு கம்ப்யூட்டர்களும் ஒரே நொடியில் இருட்டாகிவிட்டன. பெரியதைத் திரும்பப் போட்டபோது நீலத்திரையில் ஏதேதோ எழுத்து ஓடியது. அன்றைய கோப்புகளில் பாதி திறக்கவில்லை. நான் அன்று காலையிலேயே போய்ப் பார்த்தேன். வயர் அதன் இடத்தில் இருந்தது. பாட்டரி நிறைந்திருந்தது. பிளக்கை உருவிச் சோதித்தேன். பெரியது சொல்லிவைத்த மாதிரி எல்லாவற்றையும் மூடிக்கொண்டு அடங்கியது. வயரை யாராவது தொட்டீர்களா என்று கேட்டேன். யாரும் தொடவில்லை. மீனாட்சியின் மாமனார் கணபதி ஐயர், ஏதோ அரசு அலுவலகத்தில் சூப்பரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர், காபி டம்ளரை எனக்கு நீட்டியபடி சொன்னார்: "மிஸ்டர் செல்வராஜ், நீங்க நேத்திக்கு சாயங்காலம் வந்திருக்கணும். டாக்டர் தலையைக் கண்டதும் ஜுரம் விட்டுடற மாதிரின்னா இருக்கு இது."

முகம்

விஜயதசமிக்கு மறுநாள் ஆரியசாலையிலிருந்து அழைப்பு. மிளகாய் வற்றல் மொத்த வியாபாரம். அண்ணாச்சி தென்காசிப் பக்கம். கடைக்குள் நுழைந்ததும் தும்மல் வரும். மூன்று தும்மல் முடிந்தால்தான் பேச முடியும். அதுவரை அவர் பொறுமையாகக் காத்திருப்பார். யூபிஎஸ்ஸைக் காணவில்லை என்று கம்ப்யூட்டரில் ஒரு அறிவிப்பு வந்துகொண்டே இருக்கிறதாம். "காணலியாம் தம்பி. இந்தா காலுக்குக் கீழ கெடக்கு. இதுக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சா?"

குனிந்து பார்த்தேன். யூபிஎஸ் சுவரைப் பார்த்து நின்றது. முன்பக்கம் சுவரில், முதுகு நம் பக்கம். எலி வயரைக் கடித்தால் தெரிய வேண்டும் என்று அப்படித் திருப்பி வைத்திருக்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் ஆயுத பூஜை அன்று தராசு, கல்லாப்பெட்டி, கால்குலேட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்த கணக்குப்பிள்ளை, யூபிஎஸ்ஸின் நடுநெற்றி என்று நினைத்த இடத்தில் சந்தனத்தைக் குழைத்து அப்பிவிட்டார். அது யூஎஸ்பி துவாரம். அதற்கு மேல் குங்குமம். பூஜைக்காக உருவிய வயரை மறுநாள் அதன் மேலேயே அழுத்திச் செருகியிருக்கிறார்கள். இரண்டு நாளில் சந்தனம் உள்ளே கெட்டிப்பட்டுக் காரை மாதிரி ஆகியிருந்தது.

அரைமணி நேரம் ஊசியும் பிரஷும் வைத்துச் சுரண்டினேன். வாசனையாகத்தான் இருந்தது. வயரைச் செருகியதும் கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸைக் கண்டுபிடித்துவிட்டது. போகும்போது, இனிமேல் பொட்டை முன்பக்கம் வையுங்கள், இது பின்பக்கம் என்று சொன்னேன். அண்ணாச்சி யூபிஎஸ்ஸைச் சுற்றிவந்து இரண்டு பக்கத்தையும் பார்த்தார். முன்பக்கம் ஒரே ஒரு பொத்தான், வழவழப்பாக இருந்தது. "நல்லா பாத்துச் சொல்லும் தம்பி. கண்ணு, மூக்கு, வாயின்னு ஓட்டையெல்லாம் இந்தப் பக்கந்தான் இருக்கு. பொறவு முகம் எதுங்கிறீரு?"

நல்ல வயர், புது வயர்

கரமனையில் மறுபடியும் நடந்தது. அதே மாதிரி சாயங்காலம், அதே மாதிரி ஒரே நொடியில். இந்த முறை மீனாட்சியின் குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "பெங்களூர்லேர்ந்து கூப்பிட்டா. இன்னொரு தடவை ஆச்சுன்னா வேற இடம் பாத்துக்கறோம்னு சொல்லிட்டா. கோமதி நேத்திக்கு ராத்திரி அழுதாளாம். நீங்க எங்கிட்ட நேரா சொல்லிடுங்கோ சார். இது சரியாகுமா, ஆகாதா?"

ஆகும் என்றேன். எதை நம்பிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வயரை மாற்றினேன். நீளமானதை எடுத்துவிட்டுக் குட்டையான தடித்த வயரைப் போட்டேன். கம்ப்யூட்டரின் முன்பக்கத் துவாரத்திலிருந்து பின்பக்கத்துக்கு மாற்றினேன். வேலை இல்லாத நேரத்தில் கம்ப்யூட்டர் அந்தத் துவாரத்தைத் தூங்கவைக்கும் ஒரு வசதி உண்டு, அதை நிறுத்தினேன். மென்பொருளை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினேன். ஒவ்வொன்றுக்குப் பிறகும் பிளக்கை உருவிச் சோதித்தேன். ஒவ்வொரு முறையும் அது குறையில்லாமல் நடந்துகொண்டது. மாற்றுவதற்கு முன்னாலும் அப்படித்தான் நடந்துகொண்டது என்பதை நினைக்காமல் இருக்கப் பார்த்தேன். கணபதி ஐயர் பக்கத்தில் நின்று, நான் கழற்றிப்போட்ட பழைய வயரை அழகாகச் சுருட்டி ரப்பர் பாண்டு போட்டுக் கையில் கொடுத்தார். வயர்களை மரியாதையாக நடத்துகிற மனிதர் என்று அப்போது தோன்றியது.

ஆபீஸுக்கு வந்து என்னோடு வேலை பார்த்த ஷிபுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் பாறசாலைக்காரன், தமிழும் மலையாளமும் அவனுக்கு ஒரே வாக்கியத்தில் வரும். பழைய வயரை வாங்கிச் சோதனை மேஜையில் மாட்டிப் பார்த்தான். ஒரு குறையும் இல்லை. திருப்பிக் கொடுத்தபோது சொன்னான்: "அண்ணே, நீங்க அங்க போகும்போது சரியா இருக்கும், திரும்பி வந்த உடனே கேடாவும்னா, கேடு அந்த மெஷீன்ல இல்லை கேட்டோ. ஒரு நாள் நீங்க போகாம அங்கயே இருந்து நோக்கணும்."

ஒரு யூபிஎஸ், இரண்டு பேர்

ஷிபு சொன்னதைச் செய்வதற்குள் கழக்கூட்டத்திலிருந்து அழைத்துவிட்டார்கள். ஐடி பார்க்குக்குள் சின்ன சாப்ட்வேர் கம்பெனி. அங்கே நிலைமை தலைகீழ்: கரண்ட் இருக்கும்போதே சர்வர் அணைந்துவிடுகிறது. சர்வரைப் பார்த்துக்கொள்ள பிஜு, சந்தோஷ் என்று இரண்டு பேர். இருவருக்கும் நல்ல படிப்பு. இருவரும் ஒருவரோடு ஒருவர் சம்சாரிப்பதில்லை என்று வாசலிலேயே வாட்ச்மேன் சொல்லிவிட்டார். சம்சாரிப்பது என்றால் அங்கே பேசுவது.

பிஜு, யூபிஎஸ்ஸோடு வந்த மென்பொருளை ஏற்றியிருந்தான். சந்தோஷுக்கு அது பிடிக்காமல், விண்டோஸிலேயே இருக்கும் யூபிஎஸ் வசதியை இயக்கிவைத்திருந்தான். யூபிஎஸ் ஒருவரோடுதான் பேசும். ஒன்று வயரைப் பிடித்துக்கொண்டால் மற்றதற்குப் பதில் வராது. பதில் வராத மென்பொருள், யூபிஎஸ் செத்துவிட்டது என்று முடிவுகட்டிச் சர்வரை அணைத்துவிடும்; சர்வர் என்பதால் இருவரும் அப்படி அமைத்துவைத்திருந்தார்கள். காலையில் பிஜு வந்து சந்தோஷுடையதை நிறுத்துவான். மத்தியானம் சந்தோஷ் வந்து பிஜுவுடையதை நிறுத்துவான். சில நாள் இருவரும் மறந்துவிடுவார்கள். அன்றைக்குச் சர்வர் அணையும்.

எனக்கு ஒரே சந்தோஷம், கரமனை நோய் பிடிபட்டுவிட்டது என்று. அங்கிருந்தே மீனாட்சிக்குப் போன் செய்து, பெரியதில் விண்டோஸின் யூபிஎஸ் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். திறந்து வாசித்தார். அங்கே எல்லாம் காலி. அவர் வீட்டில் யூபிஎஸ்ஸோடு ஒன்றுதான் பேசிக்கொண்டிருந்தது. போனை வைத்துவிட்டு, இரண்டில் எதை வைக்கட்டும் என்று கேட்டேன். "என்டெ", அதாவது என்னுடையதை, என்று இருவரும் ஒன்றாகச் சொன்னார்கள். சேர்ந்து சொன்ன முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். மேனேஜர் ஒரு அம்மாள், கொல்லத்துக்காரி. அவர் பிஜுவுடையதை வைக்கச் சொல்லிவிட்டு என்னோடு லிப்ட் வரை வந்தார். "யூபிஎஸ்ஸினு பாக்கியம் உண்டு சாரே. அதினு ஒராளோடு சம்சாரிச்சா போதும். எனிக்கு ஈ ரண்டு பேரோடும் தினம் சம்சாரிக்கணும்."

தொடவில்லை

கரமனையில் இரண்டு முறையும் சாயங்காலம் நான்கை ஒட்டித்தான் நடந்திருந்தது. அடுத்த நாள் மூன்று மணிக்கே போய், யூபிஎஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். மூன்று பேரும் ஹெட்போனில் மூழ்கியிருந்தார்கள். விரல்கள் மட்டும் ஓடின. கோமதி மட்டும் ஒருமுறை நிமிர்ந்து, "அட்டாக் வரப்போறதா சார்?" என்றாள். அவள் கேட்டது யூபிஎஸ்ஸைப் பற்றியா, அவள் கேட்டுக்கொண்டிருந்த நோயாளியைப் பற்றியா என்று எனக்குத் தெரியவில்லை.

துலாவர்ஷம் என்கிற ஐப்பசி மழையில் இந்த ஊருக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையெல்லாம் வெயில் அடிக்கும். மூன்றரைக்கு மேல் கிழக்கே கறுக்கும். பிறகு இடி. அன்றும் கிழக்கே மெல்ல உருண்டது. ஹெட்போன் மாட்டியவர்களுக்குக் கேட்கவில்லை. உள்ளேயிருந்து கணபதி ஐயர் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். அவசரம் ஒன்றும் இல்லை. முதலில் டிவியின் கேபிளை உருவினார். பிறகு போன் வயர். பிறகு யூபிஎஸ்ஸின் பிளக். கம்ப்யூட்டர்கள் பாட்டரிக்கு மாறின. யாரும் தலை நிமிரவில்லை. அவர் என் பக்கம் வந்து யூபிஎஸ்ஸின் பின்னால் கையை நீட்டினார். எட்டவில்லை. நான் நாற்காலியை நகர்த்திக்கொண்டு, கையை விட்டு, யூஎஸ்பி வயரை உருவி அவர் கையில் கொடுத்தேன். "தேங்க்ஸ்" என்று சொல்லி அதைச் சுருட்டி ஆணியில் மாட்டினார். "இருக்கட்டும் சார்" என்றேன்.

அடுத்த இடி வரைக்கும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. என் வீட்டிலும் அப்படித்தான். இடி கேட்டால் என் மனைவி மிக்ஸியின் பிளக்கைக்கூட உருவிவைப்பாள். இந்த ஊரில் அது ஒரு காரியமே இல்லை. மழை வந்தால் கொடியிலிருந்து துணியை எடுப்பது மாதிரி. கை தானாகப் போகும். நான் ஆணியில் தொங்கிய வயரைப் பார்த்தேன். பெரியது பாட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு பாட்டரி மிச்சம் என்று அதனிடம் சொல்ல யாருமில்லை. இடி சீக்கிரம் ஓய்ந்த நாட்களில் ஐயர் எல்லாவற்றையும் திருப்பி மாட்டிவிடுவார், ஒன்றும் ஆகாது. நீடித்த நாட்களில் பாட்டரி தீர்ந்து எல்லாம் ஒரே நொடியில் விழும். அதன் பிறகும் அவர் திருப்பி மாட்டிவிடுவார். காலையில் நான் வரும்போது எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். வயரை எடுத்து மாட்டிவிட்டு, "சார், இதைத் தொட்டீங்களான்னு அன்னைக்கே கேட்டேனே?" என்றேன். ஐயர் என்னை நிதானமாகப் பார்த்தார். "தொட்டேளான்னு கேட்டேள், இல்லைன்னேன். இடி வெட்டினா என்ன பண்ணுவேள்னு கேட்டேளோ?"

இடி டிபார்ட்மென்ட்

நோய் தெரிந்துவிட்டது. மருந்துதான் சிரமம். ஐயரிடம் விளக்கினேன். கம்ப்யூட்டருக்கு மின்னல் வரக்கூடிய வழி இரண்டு: கரண்ட் பிளக், போன் வயர். இரண்டையும் நீங்கள் உருவிவிடுகிறீர்கள், மிகவும் சரி. யூபிஎஸ்ஸுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் இருப்பது வீட்டுக்குள்ளேயே ஆரம்பித்து வீட்டுக்குள்ளேயே முடிகிற வயர். அது இருந்தால் ஆபத்தில்லை. அவர் முழுவதையும் கேட்டார். "முன்னே எங்க டிவி வெடிச்சப்போ, ஆன்டெனா வழியாத்தான் வந்ததுன்னு ஒருத்தன் சொன்னான். பூமி வழியான்னு இன்னொருத்தன் சொன்னான். மின்னல் உங்ககிட்ட எல்லாம் வழி கேட்டுண்டு வரதா மிஸ்டர்?" என்றார். உண்மையில் அவர் உருவிவைத்ததால்தான் அந்தத் தெருவில் மீனாட்சியின் மோடம் ஒன்று மட்டும் உயிரோடிருந்தது.

வாசலில் செருப்பை மாட்டும்போது மீனாட்சி மெதுவாகச் சொன்னார். "தொடாதேங்கோன்னு அப்பாகிட்ட என்னால சொல்ல முடியாது சார். இந்த ஆத்துல இடி அவர் டிபார்ட்மென்ட்."

நான் போய்விட்ட பிறகு யோசித்திருக்கிறார். மறுநாள் பகலில் போன் வந்தது, ஒரு நடை வந்துபோக முடியுமா என்று. போனபோது பெரியதின் மானிட்டர் எரிந்துகொண்டிருந்தது. மென்பொருளின் ஜன்னலில் பாட்டரி எத்தனை நிமிஷம் தாங்கும் என்று ஒரு எண் நின்றது. மீனாட்சி மாமனாரைக் கூப்பிட்டு நிறுத்தினார். "அப்பா, எங்க மூணு பேர் காதுலயும் ஹெட்போன். இடியும் கேக்காது, ஒண்ணும் கேக்காது. பிளக்கை உருவினப்புறம் இந்த நம்பர் கொறைஞ்சுண்டே வரும். இதைப் பாத்து எங்களுக்கு யாராவது சொல்லணும். உங்களைத் தவிர யாரு இருக்கா?"

ஐயர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணைப் பார்த்தார். பிறகு குனிந்து யூஎஸ்பி வயரை உருவினார். எண் மறைந்து, அந்த இடத்தில் இரண்டு கோடுகள் நின்றன. மாட்டினார். எண் வந்தது. மறுபடி உருவினார். மறுபடி மாட்டினார். கோமதி வாயைப் பொத்திக்கொண்டாள். "காதுல அதை மாட்டிண்டிருந்தா நான் கத்தினாலும் கேக்காதே" என்று சொல்லிக் கொஞ்சம் யோசித்தார். பிறகு எங்களுக்கு முன்னால் வந்து நின்று இரண்டு கைகளையும் விரித்துத் தூக்கிக் காட்டினார். "பத்துக்கு மேலேன்னா உங்க பாட்டுக்கு அடியுங்கோ. பத்து ஆனா இப்படி வந்து நிப்பேன். அப்புறம் ஒவ்வொண்ணா மடக்குவேன். மடக்கினதை நான் திருப்பி விரிக்கமாட்டேனாக்கும்."

பத்து விரல்

அந்த வாரக் கடைசியில் வந்த இடி கொஞ்சநஞ்சமல்ல. யூபிஎஸ்ஸுக்குப் புதுப் பாட்டரி போட நான் போயிருந்தேன். போட்டு நிமிர்வதற்குள் பிடித்துக்கொண்டது. தெருவிலும் கரண்ட் போய்விட்டது. ஐயர் வந்தார். டிவி, போன், பிளக். யூபிஎஸ்ஸின் பின்னால் அவர் கை ஒரு கணம் போய் நின்றது. நான் வேறு பக்கம் பார்த்தேன். கை திரும்பி வந்தது. பெரியதின் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மழை ஓட்டு மேல் கொட்டியது. நான்கு மானிட்டர் வெளிச்சத்தில் மூன்று முகங்களும், எண்ணைப் பார்த்தபடி ஒரு முகமும். அன்றைக்கு அனுப்ப வேண்டியதில் லீலா தன் பங்கை முடித்து ஹெட்போனைக் கழற்றிவிட்டாள். அவள் கம்ப்யூட்டரை நான் அணைத்தேன். எண் சற்று ஏறியது. ஐயர் அதைப் பார்த்து என்னை ஆமோதிப்பது போலத் தலையசைத்தார். பிறகு எழுந்து நடு அறைக்கு வந்து பத்து விரல்களையும் தூக்கினார். மீனாட்சி பார்த்தார். கோமதி பார்த்தாள். இருவர் விரல்களும் வேகம் பிடித்தன. ஐயர் ஸ்டூலுக்கும் நடு அறைக்குமாக நடந்தார். ஒவ்வொரு முறையும் ஒரு விரல் குறைந்து வந்தது. ஐந்து விரலில் மீனாட்சி முடித்தார். கோமதிக்கு ஒரு இருதய நோயாளி மிச்சம். அந்த டாக்டர் வாயில் எதையோ மென்றுகொண்டு பேசுகிறவராம். ஒரே வரியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். மூன்று விரல். நான் யூபிஎஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனிடம் வேண்டிக்கொள்வது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வழியாக இருந்தது. ஐயர் கோமதியின் மேஜைக்கு நேராகக் குனிந்து, இரண்டு விரல்களை அவள் கண்ணுக்கும் திரைக்கும் நடுவில் பிடித்தார். அவள் கடைசி வரியை அடித்துச் சேமித்துவிட்டு ஹெட்போனைக் கழற்றி எறிந்தாள்.

பெரியது தன் வேலையைச் செய்தது. திரையில் ஒரு வரி வந்தது. ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் மூடியது. சத்தமில்லாமல் அணைந்தது. நான் அந்தத் தொழிலில் இருந்த காலத்தில் ஒரு கம்ப்யூட்டர் அணைந்ததற்கு நான்கு பேர் கைதட்டியது அந்த ஒரு முறைதான்.

ஐந்தரைக்கு வானம் வெளுத்தது. கரண்ட் வந்தது. ஐயர் உருவிய வரிசையிலேயே மாட்டினார். பெரியதைப் போட்டார்கள். நீலத்திரை வரவில்லை. மோடம் கிரீச்சிட்டு இணைப்பைப் பிடித்தது. கோப்புகள் ஒன்றுவிடாமல் பெங்களூருக்குப் போனதை நான்கு பேரும் நின்றுகொண்டே பார்த்தார்கள். கார்த்திகையில் மழை ஓய்ந்தபோது கம்பெனி வேலையை நிரந்தரமாகக் கொடுத்துவிட்டது. கூடவே முன்பைவிட அதிகக் கோப்புகளும். பக்கத்துத் தெருவிலிருந்து இன்னொரு பெண் வந்தாள். அவளுக்காக இன்னொரு கம்ப்யூட்டரும் பெரிய யூபிஎஸ் ஒன்றும் வேண்டியிருந்தது. விலை பேசப் போனபோது மீனாட்சி ஒன்றும் பேரம் பேசவில்லை. ஐயர்தான் என்னை ஜன்னலோரம் அழைத்துக்கொண்டு போனார்: "மிஸ்டர் செல்வராஜ், புது மாடல்ல அந்த நிமிஷக் கணக்கு கொஞ்சம் பெரிய எழுத்துல வருமான்னு பாருங்கோ. கண்ணாடி போட்டா நம்பர் தெரியறது, நடந்தா தரை தெரியலை."

அந்த வருஷங்களில் நான் கழற்றி எறிந்து புதிது போட்ட வயர்களில் பெரும்பாலானவை நல்ல வயர்கள்தான்.